கை தட்டினால் பஸ் நிற்கும் தீவு

திண்டிவனத்தில் பஸ் நிற்க வேண்டுமென்றால் கண்டக்டர் விசில் ஊத வேண்டும். ரீயூனியன் தீவில் பயணிகள் கை தட்டினால் போதும், டிரைவர் அடுத்த நிறுத்தத்தில் நிறுத்திவிடுவார். இது தெரியாமல் போன முதல் வாரமே இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி மூன்று ஸ்டாப் போய்விட்டேன். கத்தலாமா, எழுந்து டிரைவரிடம் ஓடலாமா என்று நான் தவித்ததைப் பார்த்த ஒரு பாட்டி, எனக்காகப் 'பட் பட்' என்று கை தட்டினார். பஸ் நின்றது.

அந்தப் பாட்டியின் முகம் எங்கள் தெருமுனையில் பூ விற்கும் ஆயாவின் முகம் மாதிரியே இருந்தது. "ரொம்ப தேங்க்ஸ் பாட்டி" என்று வாய்தவறித் தமிழில் சொல்லிவிட்டேன். அவர் சிரித்தார். நான் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை என்பது அந்தச் சிரிப்பிலேயே தெரிந்தது.

அடுத்த ஏழு மாதமும் எனக்கு இப்படித்தான் போனது. முகம் நம்ம ஊர் முகம், பேச்சு வேறு பேச்சு.

பாண்டிச்சேரி பஸ்ஸில் ஆரம்பித்த கதை

திண்டிவனத்திலிருந்து புதுச்சேரிக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகாது. கல்லூரியில் படிக்கும்போதே அங்கே பிரெஞ்சு வகுப்பில் சேர்ந்து, பஸ்ஸில் போய் வந்துகொண்டிருந்தேன். அப்பா மல்லாட்டை மண்டியில் கணக்கு எழுதுபவர். "பிரெஞ்சு படிச்சா மூட்டைக்கு நூறு ரூபா கூடக் கிடைக்குமா?" என்று கிண்டல் செய்வார். ஆனால் மாதா மாதம் பஸ் காசையும் வகுப்புக் கட்டணத்தையும் அவர்தான் எண்ணிக் கொடுப்பார்.

பிரான்ஸ் நாட்டுப் பள்ளிகளில் ஆங்கிலம் பேசப் பழக்குவதற்கு வெளிநாட்டு இளைஞர்களை உதவியாளர்களாக எடுக்கும் ஏற்பாடு ஒன்று இருக்கிறது. நூறு வருடத்துக்கும் மேலாக நடந்து வரும் பழக்கம் இது. பிரெஞ்சு தெரிந்த இந்திய இளைஞர்களும் விண்ணப்பிக்கலாம். அக்டோபர் முதல் ஏப்ரல் வரை 7 மாதம், வாரத்துக்கு 12 மணி நேரம் வகுப்பு. சம்பளத்தில் பெரிதாகச் சேமிக்க முடியாது, சிக்கனமாக இருந்தால் கடன் இல்லாமல் வாழலாம். எந்தப் பகுதிக்குப் போக விருப்பம் என்று விண்ணப்பத்தில் கேட்டிருந்தார்கள். குளிருக்குப் பயந்துபோய், வெயில் அடிக்கும் இடமாகப் பார்த்து ரீயூனியன் என்று எழுதி வைத்தேன். கிடைத்துவிட்டது.

வரைபடத்தில் தேடினால் மொரீஷியஸுக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி. பரப்பளவு 2,512 சதுர கிலோமீட்டர். நம் விழுப்புரம் மாவட்டத்தைவிடச் சின்னது. நடுவில் 3,000 மீட்டருக்கும் உயரமான மலை, ஒரு பக்கம் இன்னும் நெருப்பு கக்கும் எரிமலை, சுற்றிலும் இந்தியப் பெருங்கடல். பாரிஸிலிருந்து 9,000 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தாலும் 1946 முதல் இது பிரான்ஸின் ஒரு மாவட்டம். பணம் யூரோ, போலீஸ் பிரெஞ்சு போலீஸ். விமான நிலையத்தின் பெயர் ரோலாண் கரோஸ். டென்னிஸ் ரசிகர்களுக்குத் தெரிந்த அதே பெயர்தான். அவர் டென்னிஸ் வீரர் இல்லை, விமானி. 1888-ல் இந்தத் தீவில் பிறந்தவர்.

2024 செப்டம்பர் கடைசியில் கிளம்பினேன். அம்மா பெட்டியில் இரண்டு கிலோ புளி வைத்தார். திண்டிவனம் என்ற பெயரே புளியங்காட்டைக் குறிக்கும் 'திந்திரிணி வனம்' என்பதிலிருந்து வந்தது என்பார்கள். அந்த ஊர்க்காரி புளி இல்லாமல் போகலாமா?

அம்மாவின் 'காலேஜ் புரொஃபசர்'

எனக்கு வேலை கிடைத்தது தீவின் கிழக்கே உள்ள சேந்த் ஆந்த்ரே என்ற ஊரில், ஒரு 'கொலேஜ்'-ல். பிரெஞ்சில் கொலேஜ் என்றால் நடுநிலைப் பள்ளி. 11 வயது முதல் 15 வயது வரையுள்ள பிள்ளைகள் படிப்பது. இதை நான் எத்தனை தடவை விளக்கியும் பயனில்லை. "பொண்ணு ஃபாரின்ல காலேஜ் புரொஃபசர்" என்று அம்மா தெரு முழுக்கச் சொல்லி முடித்திருந்தார்.

வகுப்புகளை எண்ணும் முறை இன்னும் வேடிக்கை. கொலேஜில் சேரும்போது ஆறாம் வகுப்பு. பாஸானால் ஐந்தாம் வகுப்பு, பிறகு நான்கு, கடைசியில் மூன்று. "அப்போ படிக்கப் படிக்கக் கீழே இறங்குறாங்களா?" என்று அப்பா கேட்டார். நியாயமான கேள்விதான்.

காலை ஏழரைக்கெல்லாம் பள்ளி தொடங்கிவிடும். ஆங்கில ஆசிரியை பாடம் நடத்துவார். பாதி வகுப்பை நான் பக்கத்து அறைக்கு அழைத்துப் போய்ப் பேச வைக்க வேண்டும். இலக்கணம் என் வேலை இல்லை, தேர்வுத் தாள் திருத்துவதும் இல்லை. வாயைத் திறக்க வைப்பது மட்டும்தான். கேட்பதற்கு எளிதாக இருக்கிறது அல்லவா? பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் பதினைந்து பேரை, அவர்களுக்குப் பிடிக்காத மொழியில், மதியச் சாப்பாட்டுக்கு முந்தைய மணியில் பேச வைத்துப் பாருங்கள்!

முதல் வாரம் நான் கொண்டுபோன படங்கள், விளையாட்டுகள் எல்லாம் தோற்றுப்போயின. "மை ஃபேவரிட் ஃபுட் இஸ்..." என்று தொடங்கச் சொன்னால் "பீட்சா" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள்.

முத்துசாமிக்கு என்ன அர்த்தம்?

வழி காட்டியது வருகைப் பதிவேடு. பெயர்களைப் படிக்கும்போது எனக்குச் சிரிப்பும் வந்தது, தொண்டையும் அடைத்தது. முதல் பெயர் லூக்கா, குடும்பப் பெயர் முத்துசாமி. மரி, வீரப்பின். தோமா, ராமசாமி. எழுத்துகள் பிரெஞ்சு முறையில் நீண்டும் குறுகியும் இருக்கும். ஆனால் வாய்விட்டுப் படித்தால் நம்ம ஊர் ரேஷன் கார்டு.

இதன் பின்னால் பெரிய வரலாறு இருக்கிறது. 1848 டிசம்பர் 20 அன்று தீவில் அடிமை முறை ஒழிக்கப்பட்டது. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டுமே? 1860-ல் பிரான்சும் பிரிட்டனும் ஓர் ஒப்பந்தம் போட்டன. புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களிலிருந்து ஐந்து வருட ஒப்பந்தக் கூலிகளாக ஆட்கள் கப்பல் ஏறினார்கள். நடத்தப்பட்ட விதம் மோசமாக இருந்ததால் 1882-ல் பிரிட்டிஷ் அரசு இதை நிறுத்தியது. அதற்குமுன் வந்தவர்களையும் சேர்த்தால் தீவுக்குப் போன இந்தியர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். அவர்களில் மிகப் பலர் தமிழர்கள். சுற்றியிருந்த தமிழ் மாவட்டங்களிலிருந்து போனவர்கள். எங்கள் திண்டிவனம் அப்போது தென்னாற்காடு ஜில்லா. பஞ்ச காலத்தில் புதுச்சேரிக்கு நடந்தே போகக்கூடிய தூரம்.

வந்திறங்கியவர்களை லா கிராந்த் ஷலூப் என்ற கடற்கரையில் தொற்றுநோய்க்குப் பயந்து தனிமைப்படுத்தி வைத்தார்கள். அந்தக் கட்டடம் இன்றும் இருக்கிறது, போய்ப் பார்த்தேன். ஆளுக்கு ஓர் எண் கொடுத்து, காதில் விழுந்தபடி பெயரை எழுதிக்கொண்டார்கள். தாத்தாவின் பெயர் குடும்பப் பெயராக நின்றுவிட்டது. பிள்ளைகளுக்குப் பிரெஞ்சுப் பெயர் வந்தது. இவர்களைத் தீவில் 'மல்பார்' என்று அழைக்கிறார்கள். மலபாருக்கும் இவர்களில் பெரும்பாலோருக்கும் சம்பந்தமே இல்லை. யாரோ எப்போதோ வைத்த பெயர் ஒட்டிக்கொண்டது.

ஒரு நாள் வகுப்பில் பின் வரிசைப் பையன் பிரெஞ்சில் கேட்டான்: "மதாம், நீங்கள் இந்தியாவா? என் பெயருக்கு அர்த்தம் தெரியுமா?"

"முத்து என்றால் பேர்ல், சாமி என்றால் லார்ட்" என்றேன். பையன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தான். அவ்வளவுதான், வகுப்பே கையைத் தூக்கியது. இதை ஆங்கிலத்தில் கேட்டால்தான் பதில் சொல்வேன் என்று விதி போட்டேன். "வாட் டஸ் மை நேம் மீன்?" என்று ஒருவர் பாக்கியில்லாமல் கேட்டார்கள். சீனப் பெயர், ஆப்பிரிக்கப் பெயர், பிரெஞ்சுப் பெயர் வைத்திருந்த பிள்ளைகளும் வீட்டில் கேட்டுவிட்டு வந்து மறுநாள் சொன்னார்கள். பதிலுக்கு அவர்கள் தங்கள் தீவைப் பற்றி எனக்குச் சொன்னார்கள். வெனிலாப் பூவைக் கையால் மகரந்தச் சேர்க்கை செய்யும் எளிய வழியை 1841-ல் கண்டுபிடித்தது இந்தத் தீவைச் சேர்ந்த எட்மோன் அல்பியுஸ் என்ற 12 வயது அடிமைச் சிறுவன். "அவனுக்கு எங்கள் வயதுதான் மதாம்" என்று ஒரு பெண் தட்டுத்தடுமாறி ஆங்கிலத்தில் சொன்னபோது, நான் பிழை எதையும் திருத்தவில்லை. நம் வீட்டு ஐஸ்கிரீமில் வெனிலா மணப்பதற்கு அவனும் ஒரு காரணம்.

ருகாய், முரோங், கலுப்பிலே

சாப்பாட்டுக்குக் கஷ்டப்படுவேன் என்று அம்மா பயந்தார். தீவின் அன்றாடச் சாப்பாடு என்ன தெரியுமா? சோறு, பருப்போ பயறோ ஒன்று, 'காரி', தொட்டுக்கொள்ளக் காரமாக 'ருகாய்'. ருகாய் என்பது நம் ஊறுகாயிலிருந்து வந்த சொல் என்கிறார்கள். சந்தையில் கீரைக்கட்டைக் காட்டி "முரோங்" என்றார் கடைக்காரர். முருங்கைக்கீரை! கறிவேப்பிலைக்குப் பெயர் 'கலுப்பிலே'. மாலையில் வண்டிக்கடையில் 'போன்போன் பிமான்' என்று சுடச்சுடத் தருவார்கள். பிரெஞ்சில் 'மிளகாய் மிட்டாய்' என்று அர்த்தம். கடித்தால், நம்ம மசால் வடையின் ஒன்றுவிட்ட தம்பி.

அங்கே பேசுவது பிரெஞ்சு என்று நினைத்துப் போனேன். பள்ளியில்தான் பிரெஞ்சு. தெருவில், வீட்டில் எல்லாம் கிரியோல். "கொமான் இ லே?" என்றால் "எப்படி இருக்கே?" பதில், "லே லா". "இருக்கேன்" என்பதற்குச் சமம். எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் "ஏதோ இருக்கேன்" என்பார்களே, அதே சுருதி.

அக்டோபரில் கரும்பு வெட்டு நடந்துகொண்டிருந்தது. ஊரின் வெளியே புவா ரூஜ் சர்க்கரை ஆலை. கரும்பு ஏற்றிப் போகும் பெரிய லாரிகளுக்குத் திமிங்கிலத்தின் பெயரை வைத்து 'கஷலோ' என்கிறார்கள். அந்தப் புளித்த வெல்ல வாசனை காற்றில் வரும்போது கண்ணை மூடினால் முண்டியம்பாக்கம் ஆலையைப் பஸ்ஸில் கடப்பது போலவே இருக்கும்.

எல்லாமே ஒத்துப்போகும் என்று நினைத்துவிடாதீர்கள். மலைமேல் 'தமரேன்' மரக்காடு இருக்கிறது என்றார்கள். தமரேன் என்றால் புளி. திண்டிவனத்துக்காரி விட்டுவிடுவேனா? ஆசையாகப் போய்ப் பார்த்தால் அது வேறு மரம், கருவேல இனம். பெயர் மட்டும் புளி.

நான் செய்த தப்பு

ஒரு வீட்டின் பின்பக்க அறையில் வாடகைக்கு இருந்தேன். வீட்டுக்காரருக்கு எண்பதை ஒட்டிய வயது. அவரை எல்லோரும் 'மேமே' என்பார்கள். பாட்டி என்று அர்த்தம். "ஆட்டுக்குட்டியைக் கூப்பிடற மாதிரி இருக்கு" என்று அம்மா போனில் சிரித்தார். ஞாயிற்றுக்கிழமை காலை மேமே சர்ச்சுக்குப் போவார். மாலை ஆனால் முற்றத்தில் உள்ள சின்னக் கோயிலில் விளக்கேற்றிப் பாடுவார். இரண்டும் அவருக்கு ஒன்றுக்கொன்று தொந்தரவு இல்லை.

அந்தப் பாட்டு தமிழ்தான். அப்படித்தான் எனக்குத் தோன்றியது. ராகம் தெரிந்த மாதிரி இருக்கும், வார்த்தை பிடிபடாது. ஆற்றில் உருண்டு உருண்டு வழுவழுப்பான கல் மாதிரி, சொற்களின் முனைகள் எல்லாம் தேய்ந்திருந்தன. ஒரே ஒரு சொல் திரும்பத் திரும்ப வரும்: 'பாந்தியாலே'. அது திரௌபதியின் பெயர், நெருப்பு மிதிக்கும் அம்மன் என்று மேமேயின் மகள் சொன்னார்.

வாத்தியார் புத்தி சும்மா இருக்குமா? ஒரு மாலை, "அது பாந்தியாலே இல்லை மேமே. பாஞ்சாலி. பாஞ்... சாலி" என்றேன். வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்வது போலவே, உதட்டைக் காட்டி. அவர் மூன்று முறை முயன்றார். வரவில்லை. "சரிம்மா" என்கிற மாதிரி தலையாட்டிவிட்டு உள்ளே போய்விட்டார்.

மறுநாள் விளக்கு எரிந்தது, பாட்டு இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை. உடம்புக்கு முடியவில்லையோ என்று மகளிடம் விசாரித்தேன். அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "அம்மா அன்றைக்கு ராத்திரி என்னிடம் கேட்டாள். இத்தனை வருஷமாக நான் பாடினது அம்மனுக்குப் புரிந்திருக்குமா என்று."

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்தப் பாட்டு அவருக்கு அவருடைய பாட்டி சொல்லிக் கொடுத்தது. அந்தப் பாட்டிக்கு அவருடைய அம்மா. எழுத்து கிடையாது, புத்தகம் கிடையாது, அர்த்தம் கேட்க ஆள் கிடையாது. கரும்புக்காட்டில் வேலை பார்த்துவிட்டு வந்து, காதால் கேட்டதை வாயால் காப்பாற்றி, நூறு வருடத்துக்கும் மேலாகக் கை மாற்றி வந்திருக்கிறார்கள். நான் எங்கிருந்தோ வந்து ஒரு நிமிடத்தில் அதற்குச் சிவப்பு மையில் சுழி போட்டுவிட்டேன்.

மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை" என்றார். பாட்டு மட்டும் திரும்பவில்லை.

இரண்டு புயல்கள்

2024 நவம்பர் 30, சனிக்கிழமை இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. நம்ம ஊருக்கும் தீவுக்கும் ஒன்றரை மணி நேர வித்தியாசம். தூங்கப்போகும் முன் அப்பாவிடம் பேசினேன். "மழை கொட்டுது, நீ தூங்கு" என்றார். ஞாயிறு காலை முதல் யாருடைய போனும் கிடைக்கவில்லை. எங்கள் பக்கத்திலிருக்கும் மயிலத்தில் 24 மணி நேரத்தில் 51 சென்டிமீட்டர் மழை என்று செய்தியில் படித்தேன். வீடியோக்களில் சாலையும் ஏரியும் ஒன்றாகத் தெரிந்தன. எங்கள் வீடு தாழ்வான தெருவில் இருக்கிறது.

அன்று மாலை படியில் போனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மேமே வந்து பக்கத்தில் நின்றார். என் ஊர்ப் பெயர் அவர் வாயில் சரியாக நுழையாது. "தின்தி... உன் ஊர்... தண்ணீரா?" என்று கிரியோலில் கேட்டார். தலையாட்டினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. போய் விளக்கேற்றினார். மூன்று வாரத்துக்குப் பிறகு பாடினார். முதலிலிருந்து கடைசி வரை, பாந்தியாலே, பாந்தியாலே என்று, எனக்காக. நான் கை கூப்பி நின்றேன். எந்த வார்த்தை சரி, எந்த வார்த்தை தப்பு என்று ஒரு கணம்கூடத் தோன்றவில்லை.

திங்கட்கிழமை போன் கிடைத்தது. வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர், ஃபிரிட்ஜ் போச்சு, ஆட்கள் எல்லோரும் பத்திரம். ஓடிப்போய் மேமேயிடம், "அம்மனுக்குப் புரிந்துவிட்டது" என்று என் அரைகுறை கிரியோலில் சொன்னேன். பொக்கை வாய் தெரியச் சிரித்தார்.

அன்று வகுப்பில் பின் வரிசைப் பையன் எழுந்து கேட்டான்: "இஸ் யுவர் ஹவுஸ் ஓகே, மதாம்?" பாடப் புத்தகத்தில் இல்லாத கேள்வி. நான் யாரும் சொல்லிக்கொடுக்காத கேள்வி. ஏழு மாதத்தில் நான் கேட்ட மிக நல்ல ஆங்கிலம் அதுதான்.

டிசம்பர் கடைசியில் அங்கே கோடை விடுமுறை. ஜனவரியில் மேமேயுடன் தீமிதி பார்க்கப் போனேன். 18 நாள் விரதம் இருந்து மஞ்சள் ஆடை கட்டிய கூட்டம், தப்பட்டை, வேப்பிலை, பூக்குழி. செஞ்சியை அடுத்த மேலச்சேரி திரௌபதியம்மன் கோயிலை எங்கள் பக்கம் ஆதி கோயில் என்பார்கள். கூத்து நடந்து, பதினெட்டாம் போர் முடிந்து, மாலையில் தீ மிதிப்பார்கள். சின்ன வயதில் அம்மாவின் இடுப்பில் இருந்தபடி பார்த்திருக்கிறேன். கடல் தாண்டி 160 வருடம் கழித்தும் அந்தப் பதினெட்டு, பதினெட்டாகவே இருக்கிறது. மொழி தேய்ந்திருக்கிறது. கணக்கு தேயவில்லை.

அடுத்தது அவர்கள் முறை. 2025 பிப்ரவரி 28 அன்று கராஸ் புயல் தீவின் வடக்கைத் தாக்கியது. அங்கே புயலுக்கு வண்ணங்கள் உண்டு: மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு, அதற்கும் மேல் ஊதா. சிவப்பு வந்துவிட்டால் யாரும் வெளியே கால் வைக்கக் கூடாது. மணிக்கு 200 கிலோமீட்டரைத் தாண்டிய காற்று. மேமேயும் மகளும் நானும் ஓர் அறையில் ஜன்னலை அடைத்துக்கொண்டு பேட்டரி ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்தோம். 'ஃப்ரீ டோம்' என்ற அந்த வானொலியில் மக்களே போன் செய்து பேசுவார்கள். "எங்கள் கூரை போய்விட்டது", "என் தம்பியிடமிருந்து தகவல் இல்லை, கேட்கிறவர்கள் சொல்லுங்கள்" என்று குரல்கள். புயலில் உயிரிழப்பும் ஏற்பட்டது. மின்சாரமும் தண்ணீரும் வர நாளாயிற்று.

பள்ளி திறந்ததும் பதிவேட்டைக்கூட எடுக்கவில்லை. ஒவ்வொருவராகப் பார்த்து நான் கேட்டேன்: "இஸ் யுவர் ஹவுஸ் ஓகே?" சிலர் "யெஸ்" என்றார்கள். சிலர் "நோ மதாம்" என்றார்கள். அன்று வேறு பாடம் நடக்கவில்லை.

முனியம்மா

ஏப்ரலில் பெட்டி கட்டும்போது மேமே ஒரு பழைய நோட்டைக் கொண்டுவந்தார். குடும்பத்தில் முதன்முதலில் கப்பலில் வந்தவரின் பெயரைப் பதிவேட்டில் தேடி, யாரோ பேரப்பிள்ளை பிரெஞ்சு எழுத்தில் எழுதி வைத்திருந்தது. "இதை அவள் எழுத்தில் எழுதிக் கொடு" என்றார்.

வாய்விட்டுப் படித்தேன். முனியம்மா.

எங்கள் தெருவில் மட்டும் மூன்று பேருக்கு அந்தப் பெயர். எழுதும்போது கை கொஞ்சம் நடுங்கியது. அந்த முனியம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரிந்திருக்காது. கைநாட்டு வைத்துத்தான் கப்பல் ஏறியிருப்பார். தமிழில் அவர் பெயரை யாராவது எழுதுவது அதுதான் முதல் தடவையாகக்கூட இருக்கலாம். மேமே விரலால் அந்த எழுத்துகளின் மேல் ஒருமுறை போனார். "மூனியமா" என்றார். நான் "ஆமாம் மேமே" என்றேன்.

ஊருக்கு வந்து ஒரு மாதம் ஆகியிருக்கும். மேமேயின் மகள் வாட்ஸ்அப்பில் குரல் செய்தி அனுப்பியிருந்தார். மாலை விளக்கு நேரத்துப் பாட்டு. ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத் துணி மடித்துக்கொண்டிருந்தேன். அடுப்படியிலிருந்து அம்மா ஈரக்கையோடு வந்து நின்றார்.

"யாரு பாடறது? நம்ம மேலச்சேரிப் பக்கம் தீமிதிக்குப் பாடுவாங்களே, அந்த மாதிரியே இருக்கு."

"அவங்க பிரான்ஸ்காரங்கம்மா."

"விளையாடாதடி" என்றார் அம்மா. பிறகு அங்கேயே சுவரில் சாய்ந்து, கண்ணை மூடி, கூடவே மெதுவாக முனகத் தொடங்கினார். பாட்டில் பாந்தியாலே வந்தது. பல முறை வந்தது. அம்மா எதையும் திருத்தவில்லை.